கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தவர்கள்

மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு எதிரே அரை மணி நேரம் நின்றால் இரண்டு கதைகள் காதில் விழும். ஒரு வழிகாட்டி, ஒற்றைக் காலில் நின்று கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கும் தபஸ்வியைச் சுட்டிக்காட்டி, "அதோ அர்ச்சுனன். பாசுபதம் வேண்டித் தவம் செய்கிறான்" என்பார். பத்தடி தள்ளி இன்னொரு கூட்டத்துக்கு நடுவே நிற்பவர் அதே தபஸ்வியைக் காட்டி, "பகீரதன். கங்கையைப் பூமிக்குக் கொண்டுவரத் தவம் கிடக்கிறான்" என்பார். கூட்டங்கள் இரண்டும் தலையை ஆட்டிவிட்டு, இளநீர்க்காரரை நோக்கி நகரும்.

இது வழிகாட்டிகளின் சண்டை மட்டுமல்ல. பண்டிதர்களின் சண்டையும் இதுதான். அர்ச்சுனன் என்று வெகுகாலமாகச் சொல்லி வந்ததை, 1914-ல் கோலுபெவ் என்ற ஆராய்ச்சியாளர் மறுத்து, பகீரதன் என்றார். பாறை நடுவிலுள்ள பிளவையும், அதில் நீந்தி வரும் நாகர்களையும், மேலே தண்ணீர் தேக்கி வைக்க இருந்த அமைப்பையும் பகீரதன் கட்சியார் சாட்சிக்கு அழைக்கிறார்கள். சிவபெருமானின் பக்கத்தில் நிற்கும் பூதத்தையும், கீழே போலித் தவம் செய்யும் பூனையையும் அர்ச்சுனன் கட்சியார் அழைக்கிறார்கள். அந்தப் பூனைக் கதை மகாபாரதத்தில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். ஏறத்தாழ 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ள கல். ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. யாரும் போய்ப் பார்க்கலாம். இருந்தும், எந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறோமோ அந்தக் கதையைத்தான் கல் சொல்கிறது.

சிற்ப சாஸ்திரத்தில் தீர்ப்புச் சொல்ல நான் புறப்படவில்லை. மனோதத்துவ சாஸ்திரத்துக்கு ஆதி நாள் தொட்டு இருக்கும் தலைவலி இந்தக் கல்லில் அப்படியே தெரிகிறது; அதற்காகத்தான் இங்கே ஆரம்பித்தேன். மனத்தை ஆராய நாலைந்து வழிகள் உண்டு என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். சும்மா இருந்து கவனிப்பது ஒன்று. ஒரே மனிதரின் சரித்திரத்தைத் துருவுவது இன்னொன்று. பல பேரைக் கேள்வி கேட்டுக் கணக்கெடுப்பது மூன்றாவது. ஒன்றை வேண்டுமென்றே மாற்றிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனை நாலாவது. எல்லாவற்றுக்கும் பொது விரோதி ஒருவர்தான்: பார்க்கிறவர். அவர் எதை எதிர்பார்க்கிறாரோ அது அவர் கண்ணில் படும். அதைவிடக் கஷ்டம், அவர் எதிர்பார்ப்பது எதிரே இருப்பவருக்கும் எப்படியோ தெரிந்துபோய், அவரும் அதற்குத் தகுந்தாற்போல் நடந்துகொள்வார்.

பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கூட்டல், கழித்தல் கணக்குக் கொடுத்தால் குளம்பால் தட்டி விடை சொல்லும். அதன் எஜமானர் ஏமாற்றுக்காரர் அல்ல. காசு வசூலித்தவரும் அல்ல. பெரிய மனிதர்கள் கூடி 1904-ல் விசாரித்து, சூது எதுவும் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். பிறகு பஃபுங்ஸ்ட் என்ற இளைஞர் ஒரு சின்னக் காரியம் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி ஏற்பாடு பண்ணினார். குதிரையின் கணிதம் அன்றோடு போயிற்று! விடை வரும் தறுவாயில் கேட்பவரின் தலை இம்மியளவு அசைவதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தி வந்திருக்கிறது. கேட்டவர்களுக்குத் தங்கள் தலை அசைவது தெரியாது. 1907-ல் இது புத்தகமாக வந்தது. குதிரையின் அறிவைப் பற்றியதைவிட மனிதர்களைப் பற்றித்தான் அதில் அதிகம் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1784-ல், மெஸ்மர் என்பவரின் காந்த சிகிச்சை பாரிஸ் நகரத்தையே ஆட்டிவைத்த சமயம், பிரெஞ்சு மன்னர் நியமித்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாசியேயும் இருந்தார்கள். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் 'காந்தம் ஏற்றி', ஒரு பையனின் கண்ணைக் கட்டி, மரம் மரமாக அழைத்துப் போனார்கள். காந்தம் ஏற்றாத மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான். பையன் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே விழுந்தான். நம்பிக்கை அவனை வீழ்த்திற்று. அன்றிலிருந்து, மனித மனத்தின் குறுக்கீட்டை விலக்க வேண்டுமானால் கண்ணைக் கட்ட வேண்டும் என்ற எண்ணம் விஞ்ஞானத்தில் புகுந்தது. முதலில் பரிசோதிக்கப்படுகிறவரின் கண். பிறகு பரிசோதிக்கிறவரின் கண்.

கண்ணைக் கட்டினால் மட்டும் போதாது. யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பதிலும் நம் கை புகுந்து விளையாடிவிடும். மருந்து நல்லது என்று நம்பும் வைத்தியர், தம்மை அறியாமலே, தேறக்கூடிய நோயாளிகளுக்கு மருந்தையும் தேறாதவர்களுக்கு வெறும் ஊசியையும் ஒதுக்குவார். இதற்கு வழி, பிரிக்கும் வேலையை அதிர்ஷ்டத்திடம் ஒப்படைப்பது. 1880-களின் நடுவில் அமெரிக்காவில் பியர்ஸ், ஜாஸ்ட்ரோ என்ற இருவர், கைக்கு எடை தெரியும் உணர்ச்சியைச் சோதித்தபோது, எந்த எடை முதலில் வர வேண்டும் என்பதைச் சீட்டுக்கட்டைக் கலைத்துத் தீர்மானித்தார்கள். மனோதத்துவத்துக்குச் சீட்டாட்டம் செய்த உபகாரம்!

இந்த இடத்துக்கு வந்ததும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு உத்திரமேரூர் ஞாபகம் வந்துவிடும். எனக்கும் வந்தது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதல் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, இருக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். குடத்தை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னது என்று அறியாத ஒரு சிறுபிள்ளையை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். எடுக்கிற கைக்கு ஆசை இருக்கக் கூடாது, வாங்குகிற கையில் மறைவு இருக்கக் கூடாது என்பதில் அந்தச் சபையாருக்கு இருந்த ஜாக்கிரதை, படிக்கப் படிக்க வியப்பாக இருக்கிறது.

உடனே, விஞ்ஞானப் பரிசோதனை முறையை நாம் ஆயிரம் வருஷம் முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்று யாரும் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். அவர்கள் வாரியத்துக்கு ஆள் தேடினார்கள், உண்மையைத் தேடவில்லை. மேலும் அந்தக் குடத்துக்குள் போவதற்கே காணி வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும், 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். சிறுபிள்ளையின் கை நியாயமானது. குடத்துக்குள் யார் யார் என்பது வேறு விஷயம்.

இந்த இரண்டு தந்திரங்களும், கண்கட்டும் குலுக்கலும், பின்னால் இதே மாவட்டத்தில் லட்சக்கணக்கான ஜனங்களின் மேல் பிரயோகிக்கப்பட்டன. அது மனோதத்துவத்துக்காக அல்ல, காசநோய்க்காக.

கல்கத்தாவும் பம்பாயும் போலச் சென்னையும் காசநோய்க்குப் பெயர்போன பட்டணமாக இருந்த காலம். நோய் என்றால் சானடோரியம். தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து 1928-ல் ஆரம்பித்த சானடோரியம் பின்னால் சர்க்கார் வசம் வந்து, ஊருக்கே பெயராகி, ரயில் நிலையத்துக்கும் பெயராயிற்று. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, பூரண ஓய்வு, குடும்பத்தை விட்டு விலகி இருத்தல், இவை இல்லாமல் காசம் தீராது என்பதில் வைத்தியர்களுக்கும் சந்தேகம் இல்லை, கதாசிரியர்களுக்கும் சந்தேகம் இல்லை. எத்தனை கதாநாயகிகளை என் முன்னோர்கள் அந்தக் கட்டில்களில் இருமவிட்டுக் கொன்றிருக்கிறார்கள்!

1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அதை நடத்தினார். 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம். மறு பாதிக்கு அவரவர் வீடு: நெருக்கடியான சந்து, போதாத சாப்பாடு, வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம். மாத்திரை மட்டும் இரு சாராருக்கும் ஒன்றே. ஒரு வருஷ முடிவில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டில் நோயாளியோடு இருந்த குழந்தை குட்டிகளுக்கும் அதனால் நோய் அதிகமாகப் பரவவில்லை என்று தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் சானடோரியங்களின் கதவைச் சாத்தத் தொடங்கிற்று. குலுக்கல் இல்லாமல் இருந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பியவர்கள் லேசான நோயாளிகளாக இருந்திருப்பார்கள் என்று ஒரே வார்த்தையில் தள்ளியிருப்பார்கள்.

இதற்கு இடையில் தடுப்பூசிச் சண்டை ஒன்று நடந்துகொண்டிருந்தது. கால்மெட், கெரன் என்ற பிரெஞ்சுக்காரர்கள் 13 வருஷம் வளர்த்துப் பழக்கி வீரியம் குறைத்த கிருமிதான் பி.சி.ஜி. 1921-ல் முதல் தடவையாகக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. 1948-ல் கிண்டியில் அதைத் தயாரிக்கும் நிலையம் வந்தது. தேசமெங்கும் கோடிக்கணக்கில் ஊசி போடத் திட்டம் வகுத்தார்கள். 1955-ல் ராஜாஜி, முதலமைச்சர் பதவியை விட்டு ஒரு வருஷம் ஆனவர், இதை எதிர்த்துப் புத்தகமே போட்டார். உயிருள்ள கிருமியை ஆரோக்கியமான குழந்தைகளின் உடம்பில் செலுத்துவதற்குப் போதிய நிரூபணம் எங்கே என்பது அவர் கேள்வியின் சாரம். ஜெர்மனியில் லூபெக் நகரத்தில் 1930-ல் நோய்க்கிருமி கலந்துபோன மருந்தினால் 70-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்த சம்பவம் அப்போது யாருக்கும் மறந்துவிடவில்லை. மறுபக்கத்தில் மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌரும் டாக்டர்களும். பழமைவாதி என்று ஒரு கட்சியும், அவசரக்காரர்கள் என்று இன்னொரு கட்சியும் பேசிக்கொண்டன.

விசித்திரம் என்னவென்றால், விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பிரிட்டனில் பள்ளிக்கூடம் முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் செய்த சோதனையில் ஊசி நூற்றுக்கு 80 பங்கு காப்பாற்றுகிறது என்று வந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் செய்ததில் 14 பங்குதான் வந்தது. இரண்டும் யோக்கியமான சோதனைகள். இரண்டில் எது இந்தியாவுக்குப் பொருந்தும்? மாமல்லபுரத்துப் பாறை மாதிரி ஆயிற்று.

இதைத் தீர்க்கத்தான் 1968-ல் செங்கற்பட்டு மாவட்டத்தில் சோதனை ஆரம்பமாயிற்று. அப்போது மாவட்டம் மிகப் பெரியது. வடக்கே கும்மிடிப்பூண்டி வரைக்கும் தெற்கே மாமல்லபுரத்தைத் தாண்டியும் நீண்டிருந்தது. சோதனைக்கு எடுத்துக்கொண்டது திருவள்ளூர் பக்கம். 1997-ல் அது தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆனால் உலக வைத்திய நூல்களில் இன்றைக்கும் 'செங்கல்பட்டுச் சோதனை' என்றுதான் பெயர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார ஸ்தாபனமும், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தின. 200-க்கு மேற்பட்ட ஊராட்சிகள், சில சிறு பட்டணங்கள், ஏறக்குறைய 3,60,000 ஜனத்தொகை. பிறந்து ஒரு மாதம் ஆன சிசு முதல் கிழவர் வரை யாரும் சேரலாம். 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உள்ளே மருந்து இல்லை. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஊசி என்பது போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. குறியீட்டு எண் மட்டும் உண்டு.

ஒரு சங்கடம் இருந்தது. பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் புண் வந்து ஆறித் தழும்பு ஆகும். உடம்பு ரகசியத்தைக் காப்பாற்றாது. ஆனால் கையைப் பார்க்கிறவர் நோயைத் தீர்மானிப்பதில்லை. எக்ஸ்ரே படத்தைப் படிப்பவர் மேஜைக்கும், சளியை நுண்ணோக்கியில் பார்ப்பவர் மேஜைக்கும் தழும்பு வராது. படமும் கண்ணாடித் துண்டும்தான் வரும். இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை ஊர் ஊராகத் திரும்பிப் போய்ப் படம் பிடித்தார்கள், சளி சேகரித்தார்கள். களத்து மேட்டில் எக்ஸ்ரே வண்டி வந்து நிற்பதும், அறுவடைக்குப் போனவர்களைத் தேடிப் பிடிப்பதும், கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்ணின் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதுவதுமாக இந்த வேலை எவ்வளவு பொறுமையைக் கேட்டிருக்கும் என்பது, ஜனத்தொகைக் கணக்கு எடுத்தவர்களுக்குத் தெரியும்.

நான் கதை எழுதுகிறவன். முடிவு எனக்கு முதலிலேயே தெரியும். தெரிந்துகொண்டு, தெரியாதது போலப் பதினைந்து அத்தியாயம் ஓட்டுவது என் பிழைப்பு. அதனாலேயே இந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு ஒரு மரியாதை. அவர்களில் அநேகர் பி.சி.ஜி.யை நம்பியவர்கள். தேசம் முழுவதும் அது கோடிக்கணக்கில் போடப்பட்டுக்கொண்டிருந்தது. தங்களுக்குப் பிடித்த முடிவு தங்கள் கையாலேயே வந்துவிடக் கூடாது என்பதற்காகத் தங்கள் கண்ணைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

1979-ல் கட்டை அவிழ்த்தார்கள். ஏழரை வருஷத்துக் கணக்கு. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் நுரையீரல் காசத்தில் வித்தியாசம் இல்லை! ஆரம்ப வருஷங்களில் ஊசி போட்டவர்கள் பக்கமே சற்று அதிகம் என்று கூடத் தெரிந்தது. உலகம் திடுக்கிட்டது. எங்கோ தவறு நடந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் கூடிக் கூடி ஆராய்ந்தார்கள். மருந்தைச் சந்தேகித்தார்கள், முறையைச் சந்தேகித்தார்கள். முறையில் பெரிய பழுது அகப்படவில்லை. பிறகு காரணம் தேடினார்கள். நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் சாதுவான உறவுக் கிருமிகள் ஜனங்களின் உடம்புக்கு ஏற்கெனவே ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கலாம், அதற்கு மேல் ஊசியால் கூடுதல் பலன் இல்லை என்பது பலர் ஏற்கும் விளக்கம். பதினைந்து வருஷத்து முழுக் கணக்கு 1999-ல் அச்சாயிற்று. சேர்ந்தபோது காசக்கிருமி தொற்றாதவர் என்று தெளிவாகத் தெரிந்த 1,09,873 பேரை வைத்துப் போட்ட கணக்கு. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. சிறுவர்களுக்கு 27 சதவிகிதம் என்று வந்தது. அதுவும் கணித நிபுணர்கள் நிச்சயம் என்று கையெழுத்துப் போடாத 27.

அப்படியானால் ராஜாஜி ஜயித்தாரா? அப்படிச் சொல்லப் பலருக்கு ஆசை. அவர் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. ஆனால் ஆபத்து என்று அவர் பயந்த அளவுக்கு ஆபத்தும் வரவில்லை. கைக்குழந்தைகளைத் தாக்கி மூளைச் சவ்வில் இறங்கும் கொடிய காசத்தை இந்த ஊசி தடுக்கிறது என்பது வேறு ஆராய்ச்சிகளில் தெரிந்த உண்மை. செங்கற்பட்டுச் சோதனை அந்தக் கேள்வியை அளக்க ஏற்பட்டதல்ல. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் பி.சி.ஜி. போடுகிறார்கள்; போடத்தான் வேண்டும். எந்தக் கேள்வியைக் கேட்டோமோ அதற்கு மட்டுமே சோதனை பதில் சொல்லும். அர்ச்சுனன் கட்சியாருக்கும் பகீரதன் கட்சியாருக்கும் இது ருசிக்காத சமாசாரம்.

இன்னொரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. மனிதர்களின் சம்மதம் இல்லாமல் அவர்களைச் சோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று ஹெல்சிங்கியில் உலக டாக்டர்கள் 1964-ல் பிரகடனம் செய்தார்கள். நம் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மனித ஆராய்ச்சிக்கான நெறிமுறையை முதன்முதலாக வெளியிட்டது 1980-ல். சோதனை ஆரம்பித்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பின். வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த பிறகு சொல்லலாம். ஆனால் கையை நீட்டிய அன்று அது யாருக்கும் தெரியாது. உத்திரமேரூர்க் குடத்துக்குள் போகத் தகுதி வேண்டியிருந்தது, போனால் பதவி. திருவள்ளூர்க் குடத்துக்குள் போக எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. கையை நீட்டினால் போதும்.

மனோதத்துவத்துக்கே கடன்பட்ட இந்த முறை, சுற்றிச் சுற்றி மனநோய்க்குத் திரும்பியும் வந்தது. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், கோவாவிலும் மகாராஷ்டிரத்திலும் இருந்த குழுக்களோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்திற்று. தமிழ்நாட்டில் அது நடந்த இடம் காஞ்சிபுரம் மாவட்டம். மாமல்லபுரமும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது, 2019-ல்தான் செங்கல்பட்டோடு போயிற்று. மூன்று இடங்களிலும் சேர்த்து மனச்சிதைவு நோயாளிகள் 282 பேர். குலுக்கலில் 95 பேருக்கு வழக்கமான ஆஸ்பத்திரி வைத்தியம். 187 பேருக்கு அதோடு கூட, பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் ஒருவர் வீடு தேடி வருவார். மாத்திரையை ஞாபகப்படுத்துவார், வீட்டாருக்கு நோயை விளக்குவார், வேலைக்கும் வெளியே போக வரவும் வழி செய்வார். 2014-ல் முடிவு வெளியாயிற்று. அற்புதம் ஒன்றும் இல்லை. வீடு தேடிப் போனதால் ஒரு வருஷத்தில் நோய்க் குறிகளும் முடக்கமும் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்திருந்தன. தமிழ்நாட்டுப் பகுதியில் அந்தப் பலன் மற்ற இடங்களைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

இங்கே கண்கட்டு பாதிதான் செல்லும். ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவதை நோயாளியிடமிருந்து எப்படி மறைப்பது? மனித சகவாசத்துக்கு வெறும் ஊசி ஏது? அதனால் கட்டப்பட்டது கடைசியில் வந்து நிலைமையை அளந்து மார்க் போடுகிறவரின் கண் மட்டுமே. அவருக்கு இந்த வீடு எந்தப் பிரிவு என்று தெரியக் கூடாது. தெரியாமல் இருக்க வேண்டுமானால் வீட்டில் உள்ளவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த மகனுக்காக ஒருவர் வெயிலில் நடந்து வந்து போனதை, எதிரே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் புதிய மனிதரிடம் சொல்லாமல் காப்பியை மட்டும் வைத்துவிட்டுப் போகும்படி ஒரு தாயாரிடம் சொல்லிப் பாருங்கள்.